குளிக்கச் சென்றவர்களிடம் சாதியைக் கேட்பது: ஆறு, குளம், பூங்கா குறித்துச் சட்டம் சொல்வது என்ன?

2023 அக்டோபர் 30ஆம் நாள். திருநெல்வேலியின் மணிமூர்த்தீஸ்வரம் பகுதியில், தாமிரபரணியில் குளித்துவிட்டுத் திரும்பிய பட்டியலின இளைஞர்கள் இருவரை ஒரு கும்பல் வழிமறித்தது. அவர்களின் சாதியைக் கேட்டது. தெரிந்துகொண்டதும் அடிக்கத் தொடங்கியது. இருவரையும் நிர்வாணப்படுத்தி, அவர்கள் மீது சிறுநீர் கழித்தது. கைப்பேசிகளும் பணமும் பறிக்கப்பட்டன. தச்சநல்லூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர்.

அடுத்த நாட்களில் இந்நிகழ்வு பற்றி நிறையப் பேசப்பட்டது. சிறுநீர் கழித்த இழிசெயல் பற்றிப் பேசினோம். வழிப்பறி, போதை, இளைஞர்களின் சீரழிவு பற்றியெல்லாம் பேசினோம். நெல்லைச் சீமையில் மீண்டும் மீண்டும் எழும் சாதி வன்முறை பற்றியும் பேசினோம். ஒன்றை மட்டும் ஏறக்குறைய அனைவரும் கடந்து சென்றுவிட்டோம். அந்த இருவரும் அன்று ஆற்றில் என்ன செய்துகொண்டிருந்தனர்? குளித்துக்கொண்டிருந்தனர். நீர் அள்ள வரவில்லை, கூலி கேட்க வரவில்லை, போராட வரவில்லை. எல்லா இளைஞர்களையும் போல ஒரு பொழுதை ஆற்றில் கழிக்க வந்தவர்கள் அவர்கள்.

இக்கட்டுரை அந்தப் பொழுதைப் பற்றியது. குளத்தில் நீந்துவதும், ஆற்றங்கரையில் அமர்வதும், பூங்காவில் உலாவுவதும் நமக்குச் சட்டப்படியான உரிமைகள். அவற்றைச் சாதியின் பெயரால் தடுப்பது, அடிதடியோ காயமோ இல்லாத நிலையிலும், தனியே தண்டிக்கத்தக்க குற்றம். இது நம்முடைய முதல் தகவல் அறிக்கைகளில் எழுதப்படுவது அரிதாக இருக்கிறது. அது எழுதப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

மறுகால் பக்கம் மட்டும்

வள்ளியூர், நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ளவர்கள் செல்லும் இடங்கள் பல. திருக்குறுங்குடிக்கு மேலே நம்பியாறு, அதன் அருகே கொடுமுடியாறு அணை, களக்காடு தலையணை, கொஞ்சம் தள்ளிப் போனால் மணிமுத்தாறு, பாபநாசம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கூந்தன்குளம் பறவைகள் காப்பிடமும் அருகிலேயே உள்ளது. கட்டணம் கொடுத்து உள்ளே செல்லும் கேளிக்கைப் பூங்கா வாய்க்காத குடும்பத்துக்கு, அருவியும் அணையும் குளத்தங்கரையும்தான் விடுமுறை. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

நான் வளர்ந்தது இவ்வட்டாரத்தின் ஒரு சிற்றூரில். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்ததும் பள்ளிவிட்ட பையன்கள் அனைவரும் கரைக்கு ஓடுவோம். ஆனால் என் அப்பா ஒவ்வோர் ஆண்டும் ஒரே எச்சரிக்கையைச் சொல்வார்: “மறுகால் பக்கம் குளிச்சுட்டு வந்துரு. படித்துறைப் பக்கம் போகாத.” மறுகால் என்பது குளம் நிறைந்து உபரி நீர் வெளியேறும் இடம். அங்கே படி கிடையாது. பாசியும் சறுக்கலும் உண்டு. நீச்சல் பழகாத சிறுவனுக்கு ஆழம் குறைந்த படித்துறைதான் பாதுகாப்பு. பாதுகாப்பான இடம் ஒரு தெருவுக்கும், சறுக்கும் இடம் இன்னொரு தெருவுக்கும் என்று யாரோ என்றோ பிரித்துவைத்திருந்தனர். எந்தப் பலகையிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. ஊரில் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

இதில் கசப்பான முரண் ஒன்று உண்டு. தென்மாவட்டக் குளங்கள் பலவற்றில் மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சிப் பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பட்டியலின மக்கள். கரையை உயர்த்தவும் குடிமராமத்துக்கும் மண் சுமந்தவர்களும் அவர்களே. இன்றும் ஆடி அமாவாசை முடிந்த மறுநாள், தாமிரபரணிப் படித்துறைகளில் கிடக்கும் துணிகளையும் குப்பைகளையும் அள்ளுவோர் யார் என்று பார்த்தால் போதும். வேலைக்காரர்களாக நாம் நீர்நிலைக்குள் இறங்க ஒருபோதும் தடை இருந்ததில்லை. ஓய்வெடுப்பவர்களாகச் சென்றால்தான் “ஏல, நீ எந்த ஊரு? எந்தத் தெரு?” என்ற கேள்வி வருகிறது. நெல்லைப் பகுதியில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தாமிரபரணிக்கு நம் மக்களின் நினைவில் வேறொரு பொருளும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற பேரணி மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் துரத்தப்பட்டு, ஒரு குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தனர். ‘ஆத்துப்பக்கம் போகாதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அதில் வெள்ளம் பற்றிய அச்சம் மட்டும் இல்லை.

மகாத்தில் தாகம் மட்டுமா இருந்தது?

“உயிர் பிழைக்கவே போராட்டமாக இருக்கும்போது, உல்லாசத்துக்கு உரிமையா?” என்று தோழர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நிலம், கல்வி, கூலி, ஆணவக்கொலை என்று முன்னுரிமைப் பட்டியல் நீளமானது. அதில் நீச்சலுக்கு எங்கே இடம் என்பது நியாயமான கேள்விதான். நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு.

1923இல் பம்பாய் சட்டமன்றம், பொது நிதியில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. ஆனால் ஒருவராலும் அங்கே சென்று நீர் அருந்த முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரை அருந்தினர். அந்த நீரைக் குடிக்காவிட்டால் செத்துப்போவோம் என்பதற்காக இங்கே வரவில்லை, நாமும் மற்றவரைப் போல மனிதர்கள் என்பதை நிலைநாட்ட வந்தோம் என்ற கருத்தையே அண்ணல் அந்தப் போராட்டத்தின் போக்கில் வலியுறுத்தினார். அன்று ஊர்வலத்தினர் தாக்கப்பட்டனர். சாணமும் கோமியமும் ஊற்றிக் குளம் ‘தூய்மை’ செய்யப்பட்டது. வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், தீண்டப்படாதோரை விலக்கிவைக்கும் நெடுநாள் வழக்கம் ஒன்று அக்குளத்துக்கு இருந்ததாக எதிர்த்தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று கூறி, அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

வழக்கறிஞராக இத்தீர்ப்பில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. அன்று நாம் வென்றது சமத்துவம் என்ற கொள்கையின் அடிப்படையில் அல்ல. எதிரிகளிடம் சான்று போதவில்லை என்பதால். பழைய வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் முடிவு மாறியிருக்கலாம். 1950க்குப் பிறகு அந்த நிலை அடியோடு மாறியது. வழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் இன்று அது செல்லாது.

தமிழகத்துக்கும் இதில் தனி வரலாறு உண்டு. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் அனைத்தும் எல்லாருக்கும் உரியவை என்று கூறியது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. நம் முன்னோர் குடிநீரை மட்டும் கேட்டுப் பெற்று நின்றுவிடவில்லை. பொதுவெளி முழுவதையும் கேட்டனர்.

சட்டப் புத்தகத்தில் உள்ளது

அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆவது உறுப்பு இரண்டு பட்டியல்களைத் தருகிறது. முதலாவது: கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள். இரண்டாவது: கிணறுகள், குளங்கள், குளிக்கும் படித்துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள். இவ்விரண்டாம் வகை இடங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்பட்டால் போதும், அல்லது பொதுப் பயன்பாட்டுக்கென விடப்பட்டிருந்தால் போதும். சாதியை மட்டும் காரணம் காட்டி எக்குடிமகனையும் தடுக்க முடியாது. இவ்வுறுப்பு அரசை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. ஊராரையும், சங்கங்களையும், தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதனால் எழும் எந்தத் தடையையும் குற்றமாக்குகிறது.

இந்த உறுப்புகளுக்குச் செயல்வடிவம் தரும் சட்டங்கள் இரண்டு.

முதலாவது, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. இதன் 4ஆவது பிரிவு ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், குழாய், குளிக்கும் படித்துறை, பொதுமக்கள் கூடும் வேறெந்த இடம் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பெயரால் தடுப்பதைத் தண்டிக்கிறது. கோயில் தெப்பக்குளங்களிலும் புனித நீர்நிலைகளிலும் குளிப்பதைத் தடுப்பது 3ஆவது பிரிவில் வருகிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் எனில், தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. இல்லை என மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது. கர்நாடகத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் தடுத்த அப்பா பாலு இங்களே வழக்கில், 1992இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் கீழான தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது.

இரண்டாவது, பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதில் 3(1)(இசட்-ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய பிரிவு இது. ஊரின் பொதுச் சொத்துகள், ஆறு, ஓடை, ஊற்று, குளம், படித்துறை, பாதை, பொது வாகனம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடுத்தல். பொது இடத்தில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்பு, புத்தாடை அணிவதையும் தடுத்தல். கடை, கேளிக்கை இடம், வேறெந்தப் பொது இடத்திலும் நுழைவதைத் தடுத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. நகராட்சிப் பூங்காவும் இதில் வரும், நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லும் தனியார் நீர் விளையாட்டுப் பூங்காவும் வரும்.

இந்தத் திருத்தத்தை எழுதியவர்களுக்கு நம் வாழ்க்கை தெரிந்திருந்தது. புதுச்சட்டை போட்டு, வண்டியில் ஏறி, குளத்துக்குப் போகும் ஓர் இளைஞனின் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஒரே உட்பிரிவுக்குள் இருக்கிறது.

விடுபடும் வரி

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானே செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குளத்தில் நீந்திக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் ஒருவனைக் கரையிலிருந்து சிலர் கல்லெறிந்து விரட்டினர். கரையேறியதும் சாதி சொல்லித் திட்டி அறைந்தனர். காவல் நிலையத்தில் புகாரை எழுதியபோது திட்டியதையும் அறைந்ததையும் விரிவாக எழுதினோம். குளிக்கவிடாமல் தடுத்ததை அந்தக் கதையின் முன்னுரையாக மட்டும் வைத்தோம். பதிவான வழக்கில் இசட்-ஏ உட்பிரிவு இல்லை. பெரிய காயமில்லை, பொடியன்கள் தகராறு, ஊருக்குள் பேசிக்கொள்ளலாம் என்ற அழுத்தம் தொடங்கியது. குடும்பம் தளர்ந்தது. சாட்சிகள் விலகினர். வழக்கு நிற்கவில்லை. அம்மாணவன் பின்னர் என்னிடம் கேட்டான்: “அண்ணே, இப்போ நான் அந்தக் குளத்துல குளிக்கலாமா, கூடாதா?” அந்தக் கேள்விக்கு விடை தரும்படி நான் யாரையும் கேட்டிருக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த ஒரு வரியால் மாறுபவை மூன்று.

முதலாவதாக, குற்றத்தின் தன்மை மாறுகிறது. அடித்தால் அது இருவருக்கிடையிலான தகராறு போலத் தோற்றமளிக்கும். குளத்திலிருந்து விலக்கினால் அது ஒரு சமூகத்தின் உரிமையைப் பறித்த செயல். ‘இரு தரப்பு மோதல்’ என்ற கதை அங்கே எடுபடுவது கடினம்.

இரண்டாவதாக, தீர்வு மாறுகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் நிவாரண அட்டவணை, பொதுச் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் பணத்தோடு நின்றுவிடவில்லை. அந்த உரிமையை மீட்டுத் தருவதையும் மாநில அரசின் கடமையாக வைத்திருக்கிறது. அதாவது, அந்த மாணவன் மீண்டும் அக்குளத்தில் குளிக்கும் நிலையை அரசு உண்டாக்க வேண்டும்.

மூன்றாவதாக, காவல்துறையின் பொறுப்பு மாறுகிறது. புகாரைப் பொருத்தமான பிரிவுகளின் கீழ் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 4(2)ஆவது பிரிவே கட்டளையிடுகிறது. வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டிய பின்பே கையொப்பம் பெற வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர், அவர் பட்டியலினத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இல்லாதபட்சத்தில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியவர். வழக்கைப் பதியுமுன் முதற்கட்ட விசாரணை தேவை என்ற சாக்கு, 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவுக்குப் பின் செல்லாது.

நீர்நிலை வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாக எழுப்பும் வாதம் ஒன்றுண்டு: “அவர் எந்தச் சாதி என்றே எங்களுக்குத் தெரியாது.” ஊருக்குள் நடந்தால் இதை எளிதாக மறுக்கலாம். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ எதிரிக்கு நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் ஊகிக்கும் (பிரிவு 8). ஆனால் ஆற்றங்கரையிலும் அருவிக்கரையிலும் எதிர்ப்படுவோர் பெரும்பாலும் அயலார். அங்கே சான்றாக நிற்பது அந்தக் கேள்விதான். “எந்த ஊர், எந்தத் தெரு” என்று கேட்டது, பதில் வந்தபின் நடந்துகொண்ட விதம் மாறியது ஆகிய இரண்டையும் சொன்ன சொல் மாறாமல், வரிசை மாறாமல் புகாரில் எழுதுங்கள்.

சட்டத்துக்கு வெளியே நிற்போர்

வள்ளியூர் வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. இங்குள்ள தலித் குடும்பங்களில் கணிசமானவை கிறிஸ்தவக் குடும்பங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். எனவே ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே குளத்தில் விரட்டப்பட்ட இருவரில் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. விரட்டியவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்த அநீதி களையப்படும்வரை கைவசம் இருப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பெயரால் ‘எந்த ஒருவருக்கும்’ விதிக்கப்படும் தடையைக் குற்றமாக்குகிறது. பட்டியலினச் சான்றிதழை அது கேட்பதில்லை. 12ஆவது பிரிவின் ஊகம் கிறிஸ்தவ தலித்துகளுக்குத் துணைவராது என்பதால் சான்று திரட்டும் சுமை கூடும். ஆனாலும் கதவு மூடப்படவில்லை. நம் இயக்கங்கள் பழையதென்று ஒதுக்கிவிட்ட இச்சட்டத்தைத் தூசு தட்டி எடுக்க வேண்டிய இடம் இது.

எல்லாருக்கும் தடை என்பது சமத்துவமா?

மோதல் நடந்த இடத்தில் நிர்வாகம் செய்யும் எளிய வேலை, “இனி யாரும் இங்கே குளிக்கக் கூடாது” என்று பலகை வைப்பது. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஜூனில் நடந்ததும் இதே வகை. தலித்துகள் நுழைய உரிமை கேட்டபோது கோயிலுக்கே முத்திரை வைக்கப்பட்டது.

இந்தத் தந்திரத்தை உலகம் முன்பே கண்டிருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 1919 ஜூலை 27 அன்று, மிச்சிகன் ஏரியில் மிதவையோடு விளையாடிய யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கருப்பினச் சிறுவன், வெள்ளையர் தமக்கென வைத்துக்கொண்ட நீர்ப்பரப்புக்குள் மிதந்து சென்றுவிட்டான். நீரில் கோடு எதுவும் கிடையாது. எங்கள் ஊர்ப் படித்துறையைப் போலவே அது மனத்தில் போட்ட கோடு. கரையிலிருந்து கல்லெறிந்தனர், அவன் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர். பிற்காலத்தில் நீதிமன்றங்கள் நீச்சல்குளங்களைக் கருப்பினத்தவருக்கும் திறக்கச் சொன்னபோது, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் தன் பொது நீச்சல்குளங்களையே மூடியது. எல்லாருக்கும்தானே மூடியிருக்கிறது என்று கூறி, 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு நமக்கு எச்சரிக்கை. குளம் மூடப்பட்டால் வசதி உள்ளவர்கள் விடுதிக்கும் தனியார் நீச்சல்குளத்துக்கும் போவார்கள். நம் பிள்ளைகள் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களுக்குப் போவார்கள்.

ஒரு வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெள்ள அபாயத்தால் அருவியை மூடுவதும், களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் குறிப்பிட்ட நாட்களில் நுழைவை நிறுத்துவதும் பாகுபாடு ஆகா. காரணம் உண்மையானதா, கால வரம்பு உண்டா, எல்லார் மீதும் ஒரேபோல் நடைமுறையாகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். தடைக்குப் பின்னும் ஒரு தெருவினர் மட்டும் குளித்துக்கொண்டிருந்தால், பலகையின் உண்மைப் பொருள் விளங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

சம்பவம் நடந்துவிட்டால்: இடத்தை அடையாளம் காட்டும் படம் எடுங்கள், கரையில் இருந்தவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாரின் முதல் பத்தியிலேயே, இன்ன நீர்நிலையைப் பயன்படுத்துவதிலிருந்து தடுக்கப்பட்டோம் என்று எழுதுங்கள். தாக்குதல், வசவு, ஆடை களைதல் ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றங்களாக எழுதுங்கள். அவற்றுக்கு வெவ்வேறு உட்பிரிவுகள் உண்டு. அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். எதிரிகளின் ஜாமீன் மனு வரும்போது உங்கள் தரப்பைச் சொல்ல 15ஏ பிரிவு உரிமை தருகிறது. அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

சம்பவம் நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்க் குளம் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, கோயிலுடையதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘இது எங்கள் குளம்’ என்ற பேச்சுக்கு அந்தக் காகிதமே பதில். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் விரட்டினால், குத்தகை மீனுக்கானது, குளிப்பவரை விலக்கும் உரிமை அதில் அடங்காது என்பதை எழுத்தில் பெறுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். படித்துறைகளில் விளக்கு, ரோந்து, பெண்களுக்கு உடை மாற்றும் அறை, தடை நிலவும் நீர்நிலைகளின் கணக்கெடுப்பு ஆகியவற்றை அதன் நிகழ்ச்சிநிரலில் வைக்கச் சொல்லுங்கள். தடைகள் நிலவும் பகுதிகளை அடையாளம் காண்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி மாநில அரசின் கடமைகளில் ஒன்று.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், கல்வி நிலையங்களில் சாதிப் பிரிவினையைக் களைய நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வகுப்பறையில் சாதிக் கயிறுகளை அவிழ்ப்பது பற்றி இன்று பேசுகிறோம். பள்ளி மணி அடித்தபின் அதே பையன்கள் எங்கே போகிறார்கள்? மைதானத்துக்கும் குளத்துக்கும் ஆற்றுக்கும்தான். அங்கே அவர்கள் தனித்தனித் துறைகளில் இறங்கினால், வகுப்பில் கற்றது கரையோடு நின்றுவிடும்.

அடுத்தது, நம் வீடுகளுக்குள் நடக்க வேண்டியது. மணிமூர்த்தீஸ்வரத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளிடம் “ஆத்துக்குப் போகாத” என்று சொல்லியிருப்பார்கள். அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். என் அப்பாவும் என்னைக் காப்பதற்காகவே மறுகால் பக்கம் அனுப்பினார். ஆனால் அந்த ஆறு பேரும் கைதான பிறகும் அவர்கள் விரும்பியது நடக்கிறது என்றால், அது நம்முடைய இந்த ஒதுங்குதலால் நடக்கிறது. தனியாக அனுப்ப அஞ்சினால் கூட்டமாக அனுப்புங்கள். மாணவர் அமைப்புகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்து, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் அழைத்து, ஊர்ப் படித்துறையில் நீச்சல் பழக்கலாம். முழக்கம் வேண்டாம், பதாகை வேண்டாம். காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் போதும்.

கடந்த ஆண்டு பொங்கல் விடுமுறையில் என் அக்காள் மகனை எங்கள் ஊர்க் குளத்துக்குக் கூட்டிச் சென்றேன். படித்துறையில்தான் இறங்கினோம். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்கு அது எதுவும் தெரியாது. அவன் மூன்றாம் படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தான்.